சாய்த்து ஒட்டிய முத்திரை

அமெரிக்க வலதுசாரிகளைப் பற்றிக் கட்டுரை வாசிப்பதற்காக 1987 மார்ச்சில் நான் ரொறன்ரோவுக்குப் போனேன். யாழ்ப்பாணத்தில் இந்த விஷயத்தில் நான் ஒரு விண்ணன் என்று பெயர். போட்டிக்கு ஆளில்லாத இடத்தில் விண்ணன் ஆவது பெரிய காரியமில்லை. ஊரில் அப்போது மண்ணெண்ணெய்க்கு வரிசை. அந்த வரிசையில் நின்ற கையோடு வகுப்புக்குப் போய், கலிபோர்னியாவில் வீட்டுக்காரர்கள் வரிக்கு எதிராகக் கிளம்பிய கதையை மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்த புத்தகங்களில் மிகப் புதியதற்கே எட்டு வயது. அமெரிக்காவில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. இந்தப் பயணத்திலும் அந்த மண்ணில் கால் வைக்கவில்லை. ஆனாலும் புத்தகத்தில் இல்லாத அமெரிக்காவைக் கண்டுகொண்டு வந்தேன்.

விமான நிலையத்துக்குத் தங்கை மலர் தன் மகள் நிலானியோடு வந்திருந்தாள். நிலானிக்கு நாலு வயது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தாயிடம் ஆங்கிலத்தில், இவரா அப்பா என்று கேட்டாள். இல்லை, மாமா என்று மலர் சொன்னாள். பிள்ளையின் முகம் தொங்கிப்போனது. பத்தாயிரம் மைல் பறந்து வந்து இறங்கிய ஒருவனுக்குக் கிடைத்த முதல் வரவேற்பு அது. எனக்குச் சிரிப்பு வந்தது.

சென் ஜேம்ஸ் ரவுணில் மலரின் வீடு பதினாலாம் மாடியில். மின்தூக்கியில் ஏறினால் ஆறாம் மாடியில் மீன் பொரிக்கிறார்கள், ஒன்பதாம் மாடியில் கறுவாவும் ஏலமும் போட்டு ஏதோ அவிக்கிறார்கள் என்று மூக்காலேயே கண்டுபிடிக்கலாம். பாணும் ரின் மீன் குழம்பும் வைத்துத் தந்துவிட்டு மலர் விஷயத்தைச் சொன்னாள்.

அவளுடைய கணவன் ரவி சரக்குக் கப்பலில் வேலை செய்பவன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு மலர் கைக்குழந்தையோடு கனடாவுக்கு வந்துவிட்டாள். ரவி கப்பலிலேயே நின்றான். மகளை அவன் கடைசியாகக் கண்டது ஆறு மாதக் குழந்தையாக. நான் வருவதற்கு ஒரு கிழமை முந்தி அவன் நியூயோர்க்கில் கப்பலை விட்டு முறைப்படி இறங்கி, பஸ் பிடித்து, பஃபலோ நகரத்துக்கு வந்து, பாலத்தைக் கடந்து கனடா அதிகாரியிடம் அகதி விண்ணப்பம் கொடுத்தான். அதுவரைக்கும் அப்படி வந்தவர்களை உள்ளே விட்டுவிட்டுப் பிறகு ஆறுதலாக விசாரிப்பார்கள். மூன்று கிழமைக்கு முந்தித்தான் அந்தச் சட்டத்தை மாற்றியிருந்தார்கள். இனி விசாரணைத் திகதி வரும்வரை அமெரிக்காவிலேயே நிற்க வேண்டும். ரவிக்கு ஒரு துண்டுக் கடதாசியில் திகதி எழுதிக் கொடுத்துப் பாலத்தால் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சிக்கல் அங்கேதான். அவனுடைய அமெரிக்க அனுமதி, கனடா கொடுத்த திகதிக்குப் பதினேழு நாள் முன்னதாகவே முடிகிறது. அந்தப் பதினேழு நாளுக்குள் அமெரிக்கர்கள் அவனைப் பிடித்துக் கொழும்புக்கு விமானம் ஏற்றலாம். கொழும்பில் இறங்கினால் விமான நிலையத்திலேயே பிடித்துச் சிறையில் போடுவார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவன் பஃபலோவில் ஒரு தேவாலய மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்கிறான். அனுமதியை நீட்டித் தரும்படி போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை. பஃபலோவில் இருக்கும் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகம் ஒரு வார்த்தை கேட்டால் கோப்பு நகரும் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். வாக்காளர்கள் கேட்டால்தான் அந்த அலுவலகமும் அசையும். எங்களிடம் அமெரிக்க வாக்காளர் ஒருவரும் இல்லை.

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். கடிதம்தானே, என்னிடம் விடு என்றேன். ஊரில் இருபது வருடமாக மனு எழுதிக் கொடுத்தவன் நான். என் மனுவால் இரண்டு தபாற்கந்தோர்களும் ஒரு பாலமும் வந்திருக்கின்றன. பாலம் பாதியில் நிற்கிறது, அது வேறு கதை.

மறுநாள் பல்கலைக்கழகத்துக்குப் போக கார்ல்ரன் வீதியில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீட்கார் ஏறினேன். ஏறுவது சுலபம். இறங்க வேண்டிய இடத்தில் பின்கதவடியில் போய் மரியாதையாக நின்றேன். கதவு திறக்கவில்லை. அடுத்த தரிப்பிடத்திலும் நின்றேன், திறக்கவில்லை. நம் ஊர் பஸ் என்றால் கொண்டக்ரர் தகரத்தில் தட்டுவார், சனம் சத்தம் போடும், சாரதியின் பரம்பரையையே யாராவது விசாரிப்பார்கள். இங்கே எல்லாரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தரிப்பிடத்தில் கறுப்புடை அணிந்த ஒரு போர்த்துக்கேயக் கிழவி என் முதுகில் கைவைத்து ஒரு படி கீழே தள்ளினார். படியில் கால் பட்டதும் கதவு தானாகத் திறந்தது. நின்றால் திறக்காது, இறங்கினால்தான் திறக்கும் என்று அவர் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். பனி உருகி ஓடிய சேற்றில் மூன்று தரிப்பிடம் திரும்பி நடந்தேன்.

கருத்தரங்கு தொடங்க இன்னும் நாலு நாள் இருந்தது. நூலகத்தில் ஒரு மூலையைப் பிடித்து ரவியின் மனுவை எழுதினேன். பதினொரு பக்கம். "மேன்மை தங்கிய ஐயா அவர்களுக்கு, மிகுந்த தாழ்மையுடனும் பணிவுடனும்" என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவார்களோ அப்படியே தொடங்கினேன். யாழ்ப்பாண அரசர்களில் ஆரம்பித்து, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் வந்து, சுதந்திரம், மொழிச் சட்டம், கிழித்தெறிந்த ஒப்பந்தங்கள் என்று ஒன்றும் விடவில்லை. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. இப்படி ஒரு மனுவை வாசித்த எந்த அதிகாரியும் நிம்மதியாகத் தூங்க முடியாது என்று நம்பினேன்.

பின்னேரம் மலர் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க அதை உரக்க வாசித்தேன். ஆறாம் பக்கம் போனபோது அவள் கத்தியை வைத்தாள்.

"அண்ணை, ரவி எத்தினையாம் பக்கத்தில வாறார்?"

புரட்டிப் பார்த்தேன். ஒன்பதாம் பக்கத்தில் வந்தான்.

"ஒன்பதாம் பக்கத்துக்கு ஒருத்தரும் வராயினம். நாளைக்கு என்னோட வேலைக்கு வாங்கோ, ஒண்டு காட்டுறன்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பத்தாம் வகுப்போடு நிறுத்தியவள் எனக்கு எழுத்தைப் பற்றிச் சொல்வதா என்று நினைத்தேன். நினைத்ததை ஒப்புக்கொள்ள இப்போது வெட்கமாக இருக்கிறது.

காலையில் ஐந்து பெண்கள் ஒரு பழைய காரில் நெருக்கிக்கொண்டு நகருக்கு வெளியே பிறம்ரனுக்குப் போவார்கள். அன்று அவர்களின் சாப்பாட்டுப் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு நானும் போனேன். நெடுஞ்சாலையின் இரு பக்கமும் ஜன்னல் இல்லாத களஞ்சியங்கள். அப்படி ஒன்றுக்குள்தான் மலர் வேலை செய்தாள். மேற்பார்வையாளர் கயானாக்காரர், நல்ல மனிதர். பேராசிரியர் அண்ணன் என்று அவள் அறிமுகப்படுத்தியதும் சுற்றிப் பார்க்க விட்டார். நான் பேராசிரியர் இல்லை, ஆனாலும் திருத்தவில்லை.

நீண்ட மேசைகள். ஒவ்வொன்றிலும் கடிதக் கட்டுகள், பதில் அட்டைகள், உறைகள். கனடா டொலர் மலிவு என்பதால் அமெரிக்காவில் இருந்து இந்த வேலையை இங்கே கொடுக்கிறார்கள். கடிதங்களை மடித்து, உறையில் இட்டு, அமெரிக்க முத்திரை ஒட்டி லொறியில் ஏற்றினால், பஃபலோவில் தபாலில் சேர்ப்பார்கள். ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் செபத்தைத் திரும்பக் கொண்டுவரப் பணம் அனுப்பும்படி ஒரு வலதுசாரி அமைப்பு கேட்டிருந்தது. இருபது வருடமாக நான் படித்துக்கொண்டிருந்த அமெரிக்க வலதுசாரி இயக்கம் அந்த மேசையில் சுடச்சுடக் கிடந்தது.

"போன கிழமை வரி. இந்தக் கிழமை பள்ளிக்கூடத்தில செபம். அடுத்த கிழமை கம்யூனிஸ்ட்காரர் வருவினம்," என்றாள் மலர், காய்கறி விலை சொல்வதுபோல. பக்கத்தில் இருந்த பஞ்சாபிப் பெண், தனக்குத் துப்பாக்கிக் கடிதம்தான் பிடிக்கும், அது மெல்லிசு, மடிக்கச் சுகம் என்றார்.

பிறகு மலர் எனக்குப் பாடம் எடுத்தாள். முதல் வசனம் விரல் நீளத்துக்கு மேலே போகக்கூடாது. அதில் ஒரு ஆளின் பெயர் இருக்க வேண்டும். ஒரு கடிதம் ஒரே ஒரு காரியத்தைத்தான் கேட்கலாம். கையெழுத்து நீல மையில். கையெழுத்துக்குக் கீழே ஒரு பின்குறிப்புக் கட்டாயம், ஏனென்றால் சனம் முதலில் தன் பெயரைப் பார்க்கும், அடுத்ததாகக் கடைசி வரியைப் பார்க்கும், நடுவை வாசித்தால் வாசிக்கும். முத்திரையை நேராக ஒட்டக்கூடாது, சற்றுச் சாய்த்து ஒட்ட வேண்டும். நேராக இருந்தால் இயந்திரம் ஒட்டியது என்று குப்பையில் போட்டுவிடுவார்கள். எந்தக் கடிதம் பணம் சேர்த்து வென்றது என்பதும் அவளுக்குத் தெரியும். வென்ற கடிதம் இரண்டாம் தடவை அச்சாகி வரும், தோற்றது திரும்பி வராது. மூன்று வருடத்தில் எத்தனையோ கடிதங்கள் அவள் கையால் போயிருக்கின்றன.

"நாட்டைப் பற்றி எழுதினது ஒரு தரம் வரும். குடும்பத்தைப் பற்றி எழுதினது நாலு தரம் வரும்," என்றாள்.

நான் என் பதினொரு பக்கத்தை நினைத்துக்கொண்டேன். அதில் மூன்று அரச வம்சங்கள் இருந்தன, நிலானி இருக்கவில்லை.

கருத்தரங்கில் முதல் நாள் ஒருவர், வலதுசாரிகள் வென்றதற்கு வரிதான் காரணம் என்றார். இன்னொருவர் மதம் என்றார். மூன்றாமவர் கம்யூனிசப் பயம் என்றார். மூன்றும் சரிதான். ஆனால் வரியை வெறுக்கும் வியாபாரியும், செபத்தைப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பக் கொண்டுவர நினைக்கும் தாயும், ரஷ்யாவுக்குப் பயந்த ஓய்வுபெற்ற சிப்பாயும் ஒரே பக்கம் வாக்குப் போட்டது எப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் என் முறை வந்தது. எழுதிக்கொண்டு போன கட்டுரையை மூடி வைத்துவிட்டுப் பேசினேன்.

அறுபதுகளின் நடுவில் இவர்களுடைய வேட்பாளர் படுதோல்வி அடைந்தார். இனி இந்தக் கூட்டம் எழும்பாது என்று படித்தவர்கள் எல்லாரும் தீர்ப்பெழுதினார்கள். ஆனால் தோற்றவருக்குப் பணம் அனுப்பிய ஆட்களின் பெயரும் முகவரியும் எங்கோ ஒரு பதிவேட்டில் இருந்தன. ஒருத்தர் இருந்து அதைக் கையால் பிரதி எடுத்தார். பத்திரிகை இவர்களைக் கணக்கெடுக்கவில்லை, தொலைக்காட்சி கணக்கெடுக்கவில்லை. இவர்கள் ஒவ்வொரு வீட்டுத் தபால்பெட்டிக்கும் நேரே போனார்கள். வியாபாரிக்கு வரிக் கடிதம், தாய்க்குச் செபக் கடிதம், சிப்பாய்க்கு ரஷ்யக் கடிதம். அந்த மூன்று பேரும் ஒரு மண்டபத்தில் சந்தித்ததே இல்லை, சந்தித்திருந்தால் சண்டை பிடித்திருப்பார்கள். அவர்கள் சந்தித்த ஒரே இடம் பிறம்ரனில் ஒரு மேசை, அந்த மேசையில் இருப்பவள் என் தங்கை என்று சொல்லி முடித்தேன். பிறகு தட்டினார்கள் பாருங்கள் கை, எனக்குக் காது சிவந்துவிட்டது. நரைத்த தாடிக்காரர் ஒருவர், இந்த விஷயத்தில் தடித்த புத்தகம் எழுதியவர், இடைவேளையில் வந்து களஞ்சியத்தின் முகவரியைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. மலரின் வேலை எனக்கு முக்கியம்.

வீட்டுக்கு வந்து என் மனுவைக் கிழித்தேன். மலர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். கடிதம் இப்படித் தொடங்கியது: "நிலானிக்கு நாலு வயது. அவளுடைய அப்பா உங்கள் தேவாலய மண்டபத்தில் தூங்குகிறார். அவள் ரொறன்ரோவில் தூங்குகிறாள். இடையில் ஒரு பாலம் இருக்கிறது." பதினேழு நாள் சிக்கல் நாலு வரியில். பிறகு ஒரே ஒரு வேண்டுகோள்: உங்கள் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒரு தடவை தொலைபேசியில் கூப்பிட்டு, ரவீந்திரனுக்குப் பதினேழு நாள் கொடுக்கும்படி சொல்லுங்கள். பின்குறிப்பு: "ஒவ்வொரு பின்னேரமும் மணி அடிக்கும்போது தொலைபேசிக்கு முதலில் ஓடுகிறவள் நிலானி."

எரிந்த வீடுகளைப் பற்றி ஒரு வரியாவது போடுவோம் என்று கெஞ்சினேன். அது இல்லாமல் எழுதுவது துரோகம்போல எனக்குப் பட்டது.

"அதை நீங்கள் புத்தகத்தில எழுதுங்கோ அண்ணை. இதில அவரைக் கொண்டு வாங்கோ."

பக்கத்து வீட்டு அன்ரி, ரவிக்கு நெஞ்சுவலி என்று ஒரு பொய் சேர்த்தால் நல்லாய் இருக்கும் என்றார். மலர் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். தான் மடித்த கடிதங்களில் பயங்காட்டல் எவ்வளவு இருந்தது என்று தனக்குத் தெரியும், தன்னுடைய கடிதத்தில் அது வேண்டாம், உண்மையே போதும் என்றாள். அந்த இடத்தில் என் தங்கையை நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

யாருக்கு அனுப்புவது என்ற கேள்விக்குப் பதில் டொறத்தி. ரவி படுக்கும் தேவாலய மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர், அறுபது வயது தாண்டிய விதவை. ரவி தொலைபேசியில் அவரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம், நல்ல மனிசி ஆனால் சரியான வலதுசாரி என்பான். தேவாலயத்தில் உள்ள நானூறு வீட்டு முகவரியும் அவர் கையில். சனிக்கிழமை காலை அவரே பாலத்தைக் கடந்து, இரண்டு மணித்தியாலம் காரோட்டி, அமெரிக்க முத்திரைச் சுருள்களோடு பதினாலாம் மாடிக்கு வந்து சேர்ந்தார். அமெரிக்கர்களுக்குப் பாலம் எப்போதும் திறந்தே இருந்தது.

என் புத்தகங்களில் வந்த ஆளை முதல் தடவையாக நேரில் கண்டேன். இடியப்பத்தைக் கையால் பிய்த்துச் சொதியில் தோய்த்துச் சாப்பிட்டபடி டொறத்தி எனக்குத் தன் கதையைச் சொன்னார். கணவர் இரும்பாலையில் முப்பது வருடம் வேலை செய்த தொழிற்சங்கக்காரர். பரம்பரையாக எதிர்க்கட்சிக்குத்தான் வாக்கு. எண்பதில் டொறத்தி முதல் தடவையாக வலதுசாரிகளுக்கு மாறிப் போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன்.

"மற்றவர்கள் எங்களைப் பற்றிப் பேசினார்கள். இவர்கள் எனக்குக் கடிதம் எழுதினார்கள்," என்றார்.

உங்கள் ஜனாதிபதியின் காலத்தில்தானே ஆலை மூடியது என்று நான் விடாமல் கேட்டேன். அதில் தனக்கும் கோபம்தான் என்று ஒப்புக்கொண்டார். வரி, கருக்கலைப்பு, நிக்கரகுவா என்று ஒரு சுற்று மோதினோம். ஒன்றிலும் ஒத்துப்போகவில்லை. பதினேழு நாளில் மட்டும் ஒத்துப்போனோம். அரசாங்கம் என்பது குடும்பத்துக்கு நடுவில் வந்து நிற்கிற சாமான் என்று ஏழு வருடமாகச் சொல்லிவருகிறேன், இப்போதாவது நம்புகிறாயா என்று என்னைக் கேட்டார். நான் இன்னொரு இடியப்பத்தை எடுத்து அவருடைய தட்டில் வைத்தேன்.

சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்தோம். மலரோடு வேலை செய்யும் மூன்று பெண்கள் வந்திருந்தார்கள். ஒருத்தி பெயர் எழுத, ஒருத்தி மடிக்க, ஒருத்தி உறையில் இட, மலர் முத்திரை ஒட்டினாள். டொறத்தி கொஞ்ச நேரம் அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் எல்லாவற்றையும் சாய்த்து ஒட்டுகிறாய் என்று கேட்டார். மலர் தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். எந்தெந்தக் கடிதம், எந்த நிற உறை, கரையில் என்ன கோடு என்று சொல்லச் சொல்ல டொறத்தியின் முகம் மாறியது. அந்த உறைகள் அவருடைய சமையலறை மேசைக்கு வந்தவை. கணவர் செத்த வருடத்தில், சாய்ந்த முத்திரையைக் கண்டு, யாரோ ஒருத்தி எனக்கென்று இருந்து ஒட்டியிருக்கிறாள் என்று நினைத்தாராம். மகன் இயந்திரம் ஒட்டியது என்று சிரித்தானாம்.

மலருக்குக் கை நின்றுவிட்டது. அந்த அம்மாவை ஏமாற்றிய கூட்டத்தில் தானும் ஒருத்தி என்று அவள் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். டொறத்தி முத்திரைச் சுருளைத் தன் பக்கம் இழுத்தார்.

"அப்படியென்றால் ஒரு பெண் கையால் ஒட்டியதுதானே. நான் சொன்னதுதான் சரி, மகனிடம் சொல்கிறேன்," என்று சொல்லிவிட்டுத் தானும் ஒன்றைச் சாய்த்து ஒட்டினார். வீடு சிரிப்பால் அதிர்ந்தது. நிலானியும் காரணம் தெரியாமல் சிரித்தாள்.

நானூறு கடிதமும் அன்று பின்னேரமே டொறத்தியின் காரில் ஏறின. பிறகு ஒரு கிழமை காத்திருந்தோம். நான் காலையில் நூலகத்துக்குப் போவேன், ஒரு வரி மண்டையில் ஏறாது, வீட்டுக்கு வந்து தொலைபேசிக்கு முன்னால் இருப்பேன். தேவாலயத்துச் சனம் கூப்பிடத் தொடங்கிவிட்டது என்று ரவி ஒரு நாள் சொன்னான். காங்கிரஸ் அலுவலகத்தில் ஒரு பெண்ணுக்கு இதே வேலையாம் என்று இன்னொரு நாள் சொன்னான். அனுமதி முடிய இரண்டு நாள் இருந்தது. பிறகு ஒரு நாள். மலர் வேலைக்குப் போகவில்லை. சமைத்ததை ஒருவரும் சாப்பிடவுமில்லை. தொலைபேசி வேலை செய்கிறதா என்று நான் நாலு தரம் தூக்கிப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு மணி அடித்தது. நிலானி ஓடிப்போய் எடுத்து, ஹலோ டாடி என்றாள். தாயிடம் கொடுத்தாள். மலர் கேட்டாள், கேட்டாள். அப்படியே குசினி நிலத்தில் இருந்துவிட்டாள். நான் போனைப் பறித்தேன்.

ரவி சிரித்துக்கொண்டே சொன்னான். குடிவரவு அலுவலகத்துக்கு அன்று காலை அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதிகாரி கோப்பைத் தூக்கிப் போட்டு, ஒரு கிழமையாக என் போன் ஓயவில்லை, காங்கிரஸ் அலுவலகம் கூப்பிடுகிறது, கிழவிகள் எல்லாம் கூப்பிடுகிறார்கள், யார் நீ, பிஷப்பின் சொந்தக்காரனா, மந்திரியின் மகனா என்று கேட்டாராம்.

"நான் நிலானியின்ர அப்பா எண்டு சொன்னன்," என்றான் ரவி.

அதிகாரி பதினேழு நாளும் கொடுத்து, மேலே மூன்று நாள் தன் பங்குக்குப் போட்டு முத்திரை குத்தினாராம். போனைக் கீழே வைத்துவிட்டு நான் கதவைத் திறந்துகொண்டு மாடி நடைபாதைக்கு ஓடி, வென்றுவிட்டோம் என்று தமிழிலேயே கத்தினேன். பாஷை தெரியாத நாலு கதவுகள் திறந்தன. பிலிப்பினோக் கிழவர் ஒருவர் என்னைக் கட்டிப் பிடித்தார். ஐம்பத்திரண்டு வயதில் நான் ஒரு கதவு தட்டி அடுத்த கதவு என்று ஓடியது மலருக்கு இன்றைக்கும் பகிடி.

விசாரணைத் திகதியில் ரவி பாலத்தைக் கடந்தான். கனடாவுக்கு உள்ளே இருந்து வழக்கை நடத்த விட்டார்கள். பின்னேரம் பஸ் நிலையத்துக்கு மூன்று பேரும் போனோம். தேவாலயம் கொடுத்த பெரிய கோட்டுக்குள் மெலிந்துபோன ஒருவன் இறங்கி வந்தான். மலர் அவனுடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். நிலானி என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இத்தனை நாள் போனில் கொஞ்சிய பிள்ளை, முன்னால் வந்த ஆளிடம் போக மாட்டேன் என்றுவிட்டாள். வற்புறுத்த வேண்டாம் என்று ரவி சொன்னான். சொன்னானே தவிர, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் கண் அவளிலேயே இருந்தது. எல்லாம் வென்றும் அந்த ஒன்று மட்டும் வரவில்லை.

சாப்பாடு முடிந்த கையோடு மலர் கடதாசியும் உறையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கூப்பிட்ட ஆட்களின் பெயரையெல்லாம் டொறத்தி எழுதி ரவியிடம் கொடுத்து விட்டிருந்தார். காரியம் முடிந்த இரண்டு நாளுக்குள் நன்றி சொல்ல வேண்டும், பிந்தினால் அந்த ஆட்கள் நம்மைவிட்டுப் போய்விடுவார்கள் என்றாள். மூன்றரை வருடம் கழித்து வந்த மனிதனைக் கொஞ்சம் படுக்க விடு என்றேன். அவனே ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தான். பெயர்ப் பட்டியலை மூன்று பங்காகப் பிரித்தோம்.

நிலானி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உறைகளை நாக்கால் நனைத்து ஒட்டுவது அவளுக்கு விருப்பமான வேலை. மேசை அவளுக்கு எட்டாது. என் பக்கம் வந்தாள், என் மடியில் கடதாசிகள் கிடந்தன. தாயின் பக்கம் போனாள், அங்கேயும் அப்படியே. பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு போய், ரவியின் முழங்காலைப் பிடித்து ஏறி மடியில் இருந்தாள். ஒரு உறையை எடுத்து நனைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

ரவியின் பேனை பாதி வரியில் நின்றது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் அசையாமல் இருந்தான். அவனுக்குப் பங்காக வந்த பட்டியலில் இன்னும் நாற்பது பெயர் கிடந்தது. நான் அதை அவன் பக்கம் நகர்த்தப் போனேன்.

மலர் என் கையைத் தடுத்து, அந்தப் பட்டியலைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள்.

"விடுங்கோ அண்ணை," என்றாள். "அவருக்கு வேலை வந்திட்டுது."